கடித்தால் கண்ணாடி உடைவதுபோல் சத்தம் வர வேண்டும்: வீட்டிலேயே டாங்ஹுலு

"அத்தை, கடித்தால் கண்ணாடி உடைகிற மாதிரி சத்தம் வர வேண்டும். இது பல்லில் ஒட்டுகிறது" என்றாள் என் அண்ணன் மகள். விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தாள்; வயது பன்னிரண்டு. அவள் சொன்னது சரிதான். அன்று நாங்கள் செய்த ஆறு குச்சிகளும் பார்க்க அழகாக இருந்தன. வாயில் வைத்ததும் மேல்பூச்சு கடைவாய்ப் பல்லைக் கவ்விக்கொண்டது. அவள் கேட்டது டாங்ஹுலு, அதாவது பழங்களைக் குச்சியில் கோர்த்துச் சர்க்கரைப் பாகில் முக்கி, பூச்சைக் கண்ணாடிபோல் இறுகவிடும் சீனப் பண்டம். நான் கொடுத்தது பாகு ஒட்டிய பழம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கடக்க எங்களுக்கு ஏழு முறை அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாகு எத்தனை டிகிரியில் இறங்கியது, பழம் எவ்வளவு நேரம் காய்ந்தது, வெளியே மழையா வெயிலா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தால் தெரிவது ஒன்றுதான். இந்தப் பண்டத்தைக் கெடுப்பது தண்ணீர். பாகில் மிஞ்சிய தண்ணீர், பழத்தோலில் தங்கிய தண்ணீர், காற்றில் இருக்கும் ஈரம் ஆகிய மூன்றில் ஒன்று உள்ளே நுழைந்தாலும் மொறுமொறுப்பு போய்விடும். சர்க்கரை அளவோ குச்சியின் நீளமோ கொஞ்சம் முன்பின் இருந்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பனிக்காலத்துப் பண்டம்

டாங்ஹுலு வட சீனத்தின் குளிர்காலத் தெருப் பண்டம். 'டாங்' என்றால் சர்க்கரை, 'ஹுலு' என்றால் சுரைக்காய். சிறிய பழம் மேலேயும் பெரிய பழம் கீழேயுமாகக் குச்சியில் நிற்பது இடை சிறுத்த சுரைக்குடுவைபோல் தெரிவதால் இந்தப் பெயர் என்பார்கள். 'பிங்டாங் ஹுலு' என்றும் சொல்வார்கள். 'பிங்டாங்' என்பது கற்கண்டு. பெய்ஜிங், தியான்ஜின் தெருக்களில் நீண்ட கம்பின் தலையில் வைக்கோலைச் சுற்றிக் கட்டி, அதில் குச்சிகளைச் சொருகிக்கொண்டு வியாபாரிகள் விற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்புக் காய் காய்த்த மரம்போல் இருக்கும்.

அங்கே வழக்கமான பழம் ஷான்ஜா. ஆங்கிலத்தில் ஹாதார்ன் என்பார்கள். சிறிய சிவப்புப் பழம், நல்ல புளிப்பு, சதையில் சாறு குறைவு. கொட்டையை எடுத்துவிட்டு, சில இடங்களில் உள்ளே சிவப்புப் பயறு விழுதையும் அடைப்பார்கள். சீன மருத்துவத்தில் செரிமானத்துக்குக் கொடுக்கும் பழம் அது. தென் சோங் பேரரசர் குவாங்சோங், 1189 முதல் 1194 வரை ஆண்டவர், அவருடைய அன்புக்குரிய துணைவி ஒருவர் நோயுற்று உணவே இறங்காமல் மெலிந்தாராம். வைத்தியர் ஒருவர் ஷான்ஜாவைக் கற்கண்டோடு சேர்த்துக் காய்ச்சிச் சாப்பாட்டுக்கு முன் சில பழங்கள் கொடுக்கச் சொன்னாராம், அவர் குணமானாராம். அதிலிருந்துதான் இந்தப் பண்டம் பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும். பழத்தின் புளிப்பையும் சர்க்கரையின் இனிப்பையும் ஒன்றாக்கிய அந்தக் கை நல்ல கை.

இந்த ஊர்ப்பெயர்களை எல்லாம் நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பெய்ஜிங்கின் குளிர்காலம் உறையும் குளிரும் வறண்ட காற்றும் கொண்டது. அந்தக் காற்றில் பாகுப் பூச்சு நாள் முழுவதும் கண்ணாடியாகவே நிற்கும். ஷான்ஜாவோ சாறு குறைந்த பழம். அதாவது, தண்ணீர் வரக்கூடிய இரண்டு வழிகளை அந்த ஊரும் அந்தப் பழமுமே அடைத்துக் கொடுத்துவிட்டன. 2023இல் தென் கொரியாவில் இது பெரும் மோகமாகப் பரவியபோது ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் குச்சியில் ஏறின. சாறு ததும்பும் பழங்கள் அவை. வீட்டில் நாம் செய்வதும் அந்தப் பழங்களைத்தான். ஆகவே ஊரும் பழமும் செய்து கொடுத்த வேலையை நாம் கையால் செய்ய வேண்டும்.

முதலில் பழம்

பாகு காய்ச்சுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பழவேலையைத் தொடங்கிவிடுங்கள். இதுதான் எல்லோரும் அவசரப்படுகிற இடம், நாங்களும் அவசரப்பட்டோம். பழத்தைக் கழுவித் துடைத்து உடனே பாகில் முக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் சூட்டில் ஆவியாகிப் பூச்சுக்கும் தோலுக்கும் நடுவில் குமிழி விடும். அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது, கழன்று வரும். மிஞ்சிய ஈரம் பூச்சை உள்ளிருந்தே கரைக்கும்.

எளிதில் வருவது விதையில்லாத் திராட்சை. தோல் தடிப்பு, வெட்டுக்காயம் இல்லை, உருண்டை. முதன்முறையாகச் செய்பவர்கள் இதில் தொடங்குங்கள். திராட்சையின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அழுக்கு அல்ல, பழத்தின் இயற்கையான மெழுகுப் பூச்சு. ஆனாலும் கழுவிக் காய்ந்த பிறகு பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். தோல் பளபளவென்று தெரியும். பாகும் சீராகப் பிடிக்கும்.

ஸ்ட்ராபெர்ரிதான் எல்லோருக்கும் பிடித்தது. கொஞ்சம் செல்லம் கொடுத்துக் கையாள வேண்டியதும் அதுதான். முழுமையானதாக, அழுத்தினால் விறைப்பாக இருப்பதாகப் பொறுக்குங்கள். ஒரு பக்கம் கனிந்து தொளதொளத்ததை அப்படியே சாப்பிட்டுவிடலாம், பாகுக்கு ஆகாது. கழுவும்போது பச்சை இலைகள் இருக்கட்டும். அவற்றை முதலிலேயே கிள்ளிவிட்டால் அந்தக் காயத்தின் வழியாகப் பழம் தண்ணீரைக் குடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு இலைகளைத் திருகி எடுங்கள். கத்தி வேண்டாம். கத்தி சதையை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் சாறு நிற்காமல் ஊறும்.

கமலா ஆரஞ்சுச் சுளைக்கு ஒரு தனி அழகு உண்டு. பாகு பூசினால் உள்ளே விளக்கு வைத்ததுபோல் ஒளிரும். சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைப் பொறுமையாக உரித்து, ஒன்றோடொன்று தொடாமல் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சுளையின் தோல் தாள்போல் காய்ந்து, விரலால் தடவினால் சரசரக்கும். அதுதான் அளவு. தோல் கிழிந்த சுளையை ஒதுக்கிவிடுங்கள். சாறு சூடான பாகில் பட்டால் தெறிக்கும்.

அன்னாசி, கிவி, தர்ப்பூசணி போன்று வெட்டித்தான் போட வேண்டிய பழங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எத்தனை முறை துணியால் ஒற்றி எடுத்தாலும் அடுத்த நிமிடமே வியர்க்கும். அன்னாசியில் நாங்கள் செய்தது பத்து நிமிடத்தில் குச்சி வழியாக ஒழுகியது. வாழைப்பழம் ஓரளவு தாங்கும், ஆனால் சூடு பட்டுக் குழைந்துவிடுகிறது. புளிப்பு பிடித்தவர்கள் செர்ரித் தக்காளியில் செய்து பாருங்கள், சீனாவிலும் செய்கிறார்கள். தோல் இறுக்கமாக இருப்பதால் பாகு நன்றாக நிற்கிறது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை நேராகப் பாகில் முக்காதீர்கள். குளிர்ந்த பழத்தின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை வெளியே வைத்து, படிந்த ஈரத்தைத் துடைத்து, மறுபடியும் ஆறவிடுங்கள்.

குச்சியில் கோர்ப்பது கடைசி வேலை. பாகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் கோர்க்க வேண்டும்; முன்பே கோர்த்து வைத்தால் துளை வழியாகச் சாறு கசியத் தொடங்கிவிடும். காம்பு இருந்த இடத்தின் வழியாகவே குச்சியை நுழையுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு காயம் இருக்கிறது; புதிதாக இன்னொரு காயம் எதற்கு? இது என் அண்ணன் மகள் கண்டுபிடித்தது. அதன் பிறகு எங்கள் திராட்சைகள் கசிவது பாதியாகக் குறைந்தது. 15 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி என்றால் பிடிக்க எட்டு சென்டிமீட்டராவது விடுங்கள். மேல் பழத்தில் குச்சியின் கூர்முனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கடிக்கும்போது அண்ணத்தில் குத்தும். திராட்சை என்றால் நான்கு, ஸ்ட்ராபெர்ரி என்றால் ஒன்று அல்லது இரண்டு. பழங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கட்டும், நெருக்கி அழுத்த வேண்டாம்.

பாகு

200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 100 மில்லிலிட்டர் தண்ணீர். இது எட்டு முதல் பத்துக் குச்சிகளுக்கு வரும். இதில் பாதிகூட பழத்தில் ஏறாது. ஆனாலும் இந்த அளவுக்குக் குறைத்தால் முக்குவதற்கு ஆழம் போதாது. பழுப்புச் சர்க்கரை வேண்டாம். அதிலுள்ள ஈரமும் மற்றப் பொருள்களும் பாகைச் சீக்கிரம் கருக வைக்கும். நிறத்தைப் பார்த்துப் பதம் அறியவும் முடியாது. அடி கனத்த, வாய் குறுகிய, ஆழமான சிறு பாத்திரம் எடுங்கள். உள்பக்கம் எவர்சில்வராகவோ வெள்ளையாகவோ இருந்தால் நல்லது. கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது.

பாத்திரத்தில் முதலில் தண்ணீர், அதன் நடுவில் சர்க்கரை. பக்கச் சுவரில் சர்க்கரை ஒட்டாமல் கொட்டுங்கள். மிதமான தீயில் வைத்து, சர்க்கரை முழுவதும் கரையும்வரை மெதுவாகக் கிளறலாம். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தொடவே கூடாது.

ஏன் என்று கேட்டால், பாகு பூத்துவிடும். எங்கள் இரண்டாவது முயற்சி அப்படித்தான் போனது. எல்லாம் நன்றாக இருந்தது, தெளிந்த பாகு, சீரான கொதி; அடி பிடிக்குமோ என்ற பயத்தில் ஒரே ஒரு முறை கரண்டியை விட்டுச் சுற்றினேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. அது படர்ந்து நடுவுக்கு வந்து, அரை நிமிடத்துக்குள் பாத்திரம் முழுவதும் ஈர மணல்போல் ஆகிவிட்டது. செறிவான பாகில் சர்க்கரை மூலக்கூறுகள் மறுபடியும் படிகமாகச் சேரத் தயாராக இருக்கின்றன. அவற்றுக்குத் தேவை ஒரு தொடக்கம். பாத்திரச் சுவரில் காய்ந்து ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகளோ, கரண்டியின் ஓர் அசைவோ போதும்.

தடுக்க எளிய வழி, கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி போட்டு வைப்பது. நீராவி சுவரில் வழிந்து ஒட்டிய துகள்களைத் தானே கழுவி இறக்கிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் வெளியேற வழி வேண்டும் அல்லவா? இன்னும் பயமாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி திரவ குளுக்கோஸ் சேருங்கள். வேறு வகைச் சர்க்கரை நடுவில் நின்றால் படிகம் வரிசை கட்ட முடியாது. எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும், சில துளிகள் மட்டும். அமிலம் சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கிறது. இதில் ஃப்ரக்டோஸ் காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். சாறு கூடினால் பூச்சு பிசுபிசுக்கும். நான் இப்போதெல்லாம் எதுவும் சேர்ப்பதில்லை. கிளறாமல் இருந்தாலே போதும்.

பூத்துவிட்டாலும் கொட்ட வேண்டாம். நூறு மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, எல்லாத் துகளும் கரையும்வரை காய்ச்சி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

பதம்

என் முதல் தோல்வி இங்கேதான் நடந்தது. கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்றெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துப் பழகியவள் நான். தண்ணீரில் விட்டால் கெட்டியாகத் திரள்கிறதே, இது போதும் என்று இறக்கிவிட்டேன். போதாது. இதற்கு வேண்டியது எல்லாப் பதத்துக்கும் அப்பால், பாகு முற்றி முறியும் பதம். 146 முதல் 154 டிகிரி செல்சியஸ்.

இந்த எண் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றிலிருந்துதான் எங்கள் குச்சிகள் சரியாக வந்தன. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. சர்க்கரைப் பாகில் தண்ணீர் குறையக் குறையக் கொதிக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே பாகின் சூட்டைப் பார்த்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். 115 டிகிரி அளவில், மெல்லிய உருண்டை வரும்போது, பாகில் ஏறக்குறைய 85 சதவீதம் சர்க்கரை. 130ஐத் தாண்டி வளையும் பதம் வரும்போது 95 சதவீதம். 150 அருகில் 99 சதவீதம். நான் முதல் முறை இறக்கியபோது நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கு மேலோ தண்ணீர் உள்ளேயே இருந்தது. அந்த ஐந்து பங்குதான் அவள் பல்லில் ஒட்டியது.

ஆகவே ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 97 காட்டினால் பாகிலும் மூன்று டிகிரி குறைத்தே, 146க்குப் பதில் 143 முதல் இறக்கலாம். உயரமான மலைப்பகுதியில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும்; அங்கேயும் இதே கணக்குத்தான். முனை பாகில் மூழ்கியிருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது.

வெப்பமானி இல்லாதவர்கள் கண்ணையும் காதையும் நம்பலாம். தொடக்கத்தில் குமிழிகள் பெரிதாக, வேகமாக, தண்ணீர் கொதிப்பதுபோல் சளசளக்கும். தண்ணீர் குறைந்ததும் குமிழிகள் சிறுத்து, அடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நின்று மெதுவாக உடையும், சத்தமும் கனத்துப்போகும். ஓரத்தில் வைக்கோல் நிறம் லேசாகத் தெரியும்போது ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஐந்து விநாடி பொறுத்து எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். 'டிக்' என்று முறிந்தால் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். முறிந்த பிறகும் பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். கடித்ததும் தூளாகி ஒட்டாமல் போனால் அதுதான் பதம். சோதிக்கும் நேரத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள்.

மிதமான தீயில் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அதில் பெரும்பகுதி 110 டிகிரி சுற்றியே கழியும். ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 140ஐத் தாண்டியதும் ஓட்டம் பிடிக்கும். அப்போது கதவைத் தட்டினாலும் போகக் கூடாது. 160ஐத் தாண்டினால் பழுப்பேறி, அதற்கு மேல் கசப்பு வந்துவிடும். நான் 148இல் அடுப்பை அணைக்கிறேன். பாத்திரத்தின் சூடு மிச்ச இரண்டு டிகிரியை ஏற்றிவிடும்.

கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கொதிக்கும் தண்ணீர் கையில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது. 150 டிகிரிச் சூட்டோடு தோலில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டே இருக்கும். என் இடது கை ஆள்காட்டி விரலில் பயறளவு தழும்பு ஒன்று இருக்கிறது, மூன்றாவது முயற்சியின்போது குச்சியிலிருந்து விழுந்த ஒற்றைச் சொட்டு. ஆகவே அடுப்பருகில் ஓர் அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பட்டுவிட்டால் உடனே அதில் முக்கி, பிறகு குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி வைக்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்காதீர்கள். தண்ணீரில் தானே கரையும். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

முக்குவது பெரியவர் வேலை. அண்ணன் மகளுக்கு நான் கொடுத்த வேலைகள்: பழம் துடைப்பது, கோர்ப்பது, வெப்பமானியைப் படித்துச் சொல்வது. எண்களை அவள் உரக்கச் சொல்லச் சொல்ல எனக்குப் பாகிலிருந்து கண்ணை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

முக்குவது

பாகு தயாராவதற்கு முன்பே ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பட்டர் பேப்பர் இல்லையென்றால் எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு.

அடுப்பை அணைத்ததும் கொதி அடங்கப் பத்து விநாடி பொறுங்கள். குமிழியோடு முக்கினால் குமிழிகள் அப்படியே பூச்சில் உறைந்துவிடும். துணியால் பிடித்துப் பாத்திரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தால் பாகு ஆழமாகச் சேரும். குச்சியைக் கிடையாகப் பிடித்து, பழங்களைப் பாகில் வைத்து, ஒரே ஒரு சுற்று சுற்றி எடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு விநாடி. அதற்கு மேல் வைத்தால் பழம் வேகும், சாறு விடும். எடுத்ததும் பாத்திரத்தின் மேலேயே குச்சியைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே மிச்சப் பாகை வழியவிடுங்கள். வழிவது நின்று நூலாக இழுக்கத் தொடங்கும்போது அந்த நூலைப் பாத்திரத்தின் விளிம்பில் தொட்டு அறுத்துவிட்டுத் தட்டில் கிடத்துங்கள்.

பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தடித்தால் கண்ணாடித் துண்டுபோல் ஈறைக் கிழிக்கும். பழத்தின் சுவையும் தெரியாது. சூடான பாகு இளகி ஓடும், மெல்லிய பூச்சு தரும். ஆறிய பாகு தடிக்கும். ஐந்தாறு குச்சிக்குப் பிறகு பாகு தேன்போல் மந்தமாகிவிட்டால், மிகக் குறைந்த தீயில் அரை நிமிடம் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறைக்கு மேல் சூடாக்கினால் மஞ்சளேறும்.

பெய்ஜிங் கைவினைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முக்கிய குச்சியை ஈரப்படுத்திய வழுவழுப்பான பலகையின்மேல் பட்டென்று அடித்து இழுப்பார்கள். பழத்தின் உச்சியில் பாகு மெல்லிய தகடாக விரிந்து, சிறகுபோல் நிற்கும். அந்தத் தகட்டைப் பார்த்தே கையின் தேர்ச்சியைச் சொல்லிவிடுவார்கள். பட்டர் பேப்பரில் வைக்கும்போது குச்சியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் சிறிய நுனி ஒன்று வரும். எனக்கு இன்னும் விரல் நகம் அளவுதான் வருகிறது.

முக்கியதும் ஐஸ் தண்ணீரில் விட்டு எடுக்கச் சிலர் சொல்கிறார்கள். பூச்சு உடனே இறுகும், உண்மைதான். ஆனால் இவ்வளவு பாடுபட்டு விரட்டிய தண்ணீரைக் கடைசியில் நாமே மேலே ஊற்றுவதா? சரியான பதத்தில் இறக்கிய பாகு அறைக் காற்றிலேயே ஒன்றிரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். நகத்தால் தட்டுங்கள், கண்ணாடித் தம்ளரைத் தட்டியதுபோல் கேட்டால் எடுத்துக் கடிக்கலாம்.

எவ்வளவு நேரம் நிற்கும்

ஐந்தாவது முயற்சியில் எல்லாம் சரியாக வந்தது, அன்று அடைமழை. செய்த உடனே அவள் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை அப்பாவுக்கென்று எடுத்துவைத்தாள். ஒரு மணி நேரத்தில் பூச்சின் மேல் பனி படர்ந்ததுபோல் மங்கல் விழுந்தது; தொட்டால் விரல் ஒட்டியது; இரண்டாவது மணியில் தட்டில் பாகு குளமாகத் தேங்கியது. இறுகிய பாகு படிகம் அல்ல, உருவற்ற கண்ணாடி நிலை. அது காற்றிலுள்ள ஈரத்தை வாரி இழுத்துக்கொள்ளும். மேலே காற்று, உள்ளே பழச்சாறு, இரண்டு பக்கமும் தாக்குதல். ஆகவே மழை நாளில் செய்ய வேண்டாம் என்பதே என் முடிவு. செய்தே ஆக வேண்டும் என்றால் ஏசி ஓடும் அறையில் செய்து, உடனே சாப்பிட்டுவிடுங்கள். வறண்ட நாளில் திராட்சை இரண்டு மணி நேரம் வரை தாங்கியது, ஸ்ட்ராபெர்ரி ஒரு மணி. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்த நிமிடமே வியர்த்துவிடும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் பழத்தைக் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். பாகை அவர்கள் வந்த பிறகு காய்ச்சுங்கள். அவர்கள் எதிரிலேயே முக்கிக் கொடுப்பதைவிட நல்ல உபசாரம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கும், குச்சியும் ஆபத்து. பல்லில் கம்பி கட்டியவர்களும் தவிர்ப்பது நல்லது.

மிச்சப் பாகைப் பட்டர் பேப்பரில் மெல்லிசாக ஊற்றி, ஆறியதும் உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். எந்தப் பாகையும் கழுவு தொட்டியில் கொட்டாதீர்கள். குழாயில் போய் இறுகிவிடும். பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் எல்லாம் கரைந்து பாத்திரம் வெளுத்துவிடும். கரண்டியையும் வெப்பமானியின் முனையையும் அதே கொதிநீரில் நனைத்தெடுத்தால் அவற்றில் ஒட்டியிருப்பதும் போய்விடும்.